கேள்வி என்னும் படிக்கட்டு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'வாழ்வில் வெற்றி தரும் பண்புகள்' என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. அழைப்பிதழில் அதனைக் கண்டபோது சற்றே தயங்கினேன். இத்தலைப்பில் எழுதப்பட்ட நூல்களுக்குக் குறைவில்லை. பேருந்து நிலையக் கடைகளிலும் அவை அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. முயற்சி வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும், காலம் போற்ற வேண்டும் என்பவற்றை இந்த அவைக்கு நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, அமைப்பாளர்களிடம் ஒரு சலுகை கேட்டுப் பெற்றேன். பத்துப் பண்புகளை அடுக்கிச் சொல்வதைவிட, பெரும்பாலும் ஒருவருடைய வாழ்வைத் துணையாகக் கொண்டு, ஒரே பண்பைப் பற்றிப் பேசுகிறேன். இடையில் என் வாழ்வில் நேர்ந்த ஒரு பிழையையும் சொல்லப் போகிறேன். ஆசிரியர் ஒருவர் தம் பிழையை மேடையில் சொல்வது எளிதன்று. எனினும், அதனை மறைத்துவிட்டு இத்தலைப்பில் பேச எனக்குத் தகுதியில்லை.

வள்ளுவர் வைத்த வரிசை

வெற்றிக்குரிய பண்புகள் என்றதும் திருக்குறளில் நமக்கு நினைவுக்கு வருபவை ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்னும் நான்கு அதிகாரங்கள். 60 முதல் 63 வரை அவை தொடர்ந்து அமைந்துள்ளன. ஊக்கம் பிறக்க வேண்டும். சோம்பல் அதனைக் கெடுக்காமல் காக்க வேண்டும். பின்னர் அது செயலாக வேண்டும். செயலில் இடர் வந்தால் உள்ளம் உடையாதிருக்க வேண்டும். ஒரு மனிதன் ஒரு பணியில் இறங்கினால் எவ்வெவற்றைக் கடப்பானோ, அந்த வரிசையிலேயே அதிகாரங்களும் நிற்கின்றன.

ஆனால், இந்நான்குக்கும் முன்னதாக வேறொரு நான்கு உண்டு. 40ஆம் அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை. பல ஆண்டுகள் இவற்றைப் பாடமாக நடத்தியும் இவ்வரிசையை நான் கூர்ந்து நோக்கியதில்லை. கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் நடுவே கேள்வி நிற்கிறது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் செல்ல விரும்புகிறவர் கேள்வியைக் கடந்தே செல்ல வேண்டும்.

வள்ளுவர் கருதியது கேட்டறிதல். அறிந்தோர் சொல்லைச் செவிமடுத்தல். வினவுதல் என்னும் பொருளிலும் நாம் இன்று அச்சொல்லை வழங்குகிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை. வினவாதவர்க்கு விடை சொல்வார் யார்? வினவுதற்கு முன் ஒன்று நிகழ வேண்டும். 'இது எனக்குத் தெரியாது' என்று தன் உள்ளத்திற்கு ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பண்பு அதுதான்.

கும்பகோணத்தில் ஒரு சந்திப்பு

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகப் புதிதாகப் பணியேற்றிருந்தார் 25 வயது இளைஞர் ஒருவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1876இல் அவர் மறையும் வரை உடனிருந்து கற்றவர். அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், தலபுராணம் எனக் கற்ற நூல்கள் ஏராளம். அக்காலத் தமிழ்ப் புலமையின் அளவுகோலால் அளந்தால் குறையொன்றும் இல்லை. அவர்தாம் பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று நாம் போற்றிய உ. வே. சாமிநாதையர்.

அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்தார் சேலம் இராமசுவாமி முதலியார். அவரைக் காணச் சென்ற இளைஞரிடம், என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர் என்று வினவினார் முதலியார். இளைஞர் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பு எழவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்ற முறையில் அவர் பேச்சுச் சென்றது. பழைய நூல்கள் ஏதேனும் படித்ததுண்டா? சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்?

அன்பர்களே, அந்த இளைஞரின் இடத்தில் நம்மை ஒரு கணம் நிறுத்திப் பார்ப்போம். கற்றது முழுவதையும் ஒருவர் ஒரே கேள்வியால் எளிதாகத் தள்ளிவிடுகிறார். அவரோ தமிழாசிரியர் அல்லர், நீதிமன்ற அலுவலர். மாபெரும் ஆசிரியரின் மாணவர் என்னும் பெருமை இளைஞரிடம் இருந்தது. கல்லூரி ஆசிரியர் என்னும் பதவி இருந்தது. சினந்து எழுந்து வந்திருக்கலாம். 'இவருக்கு என்ன தெரியும்?' என்று நண்பர்களிடம் சொல்லி ஆறுதல் அடைந்திருக்கலாம். நம்மில் பலர் அதைத்தான் செய்திருப்போம்.

அவர் அதைச் செய்யவில்லை. நூல் கிடைத்தால் படிப்பேன் என்றார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். தமிழ் இலக்கிய வரலாறு திரும்பிய இடங்களுள் அந்தச் சந்திப்பும் ஒன்று.

பிரதி கைக்கு வந்ததும் வழி எளிதாகிவிடவில்லை. சிந்தாமணி சமண காவியம். சைவ நூல்களில் தோய்ந்தவர்க்குச் சமணர்தம் கோட்பாடுகளும் வழக்குகளும் புதியன. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் பல இடங்கள் விளங்கவில்லை. என்ன செய்தார்? கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே ஒருநாள் ஒரு வீட்டு வாயிலில் தோரணம் கட்டியிருக்கக் கண்டு காரணம் வினவியபோது, சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்ததற்கான கொண்டாட்டம் என்று அறிந்தார். புலவர் உலகம் மறந்திருந்த காவியம் இல்லறத்தாரின் வீட்டுக் கூடத்தில் உயிரோடு இருந்தது. கல்லூரியில் கற்பிக்கும் ஆசிரியர் அந்தக் கூடத்தில் மாணவராக அமர்ந்தார்.

மணிமேகலையைப் பதிப்பிக்க முனைந்தபோது இடர் மேலும் பெரிதாயிற்று. கேட்டறியப் பௌத்தர்கள் அருகில் இல்லை. உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் பௌத்த சமயம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து விளக்க, அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். இவ்வாறு கேட்டுச் சேர்த்த அறிவுதான் 1887இல் சிந்தாமணியாகவும், 1898இல் மணிமேகலையாகவும் அச்சேறியது.

என் பிழை

இனி, நான் முன்பு சொன்ன பிழைக்கு வருகிறேன்.

முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகள். பெயருக்கு முன் புதிதாக வந்து அமர்ந்த பட்டம் தலையிலும் சற்று ஏறியிருந்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். 261 அடிகள் கொண்ட அப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கி வருவதை நீங்கள் அறிவீர்கள். அப்பகுதியைத் தங்குதடையின்றிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. சொல்லி முடித்து வகுப்பை நோக்கினேன். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். சிற்றூரிலிருந்து வந்தவள், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள்.

"அம்மா, கருவிளை என்பது எந்தப் பூ?"

"ஒருவகை மலர்" என்றேன்.

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா அம்மா?"

அவள் குரலில் குறும்பு இல்லை. அறியும் ஆவல் மட்டுமே இருந்தது. ஆனால் எனக்கோ முகம் சுட்டது. "இதெல்லாம் தேர்வில் வராது, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு கல்லூரிக்கு அவள் வரவில்லை. வீட்டுச் சூழல் காரணம் என்று தோழியர் சொன்னார்கள். அதுவே காரணமாக இருக்கலாம். என் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லாமலும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை.

சில ஆண்டுகள் கழித்து உ.வே.சா. எழுதிய 'உதிர்ந்த மலர்கள்' என்னும் கட்டுரையைப் படிக்க நேர்ந்தது. குறிஞ்சிப்பாட்டின் அதே மலர்ப் பட்டியலைப் பற்றியது அக்கட்டுரை. அவருக்குக் கிடைத்த ஏடுகளில் அப்பட்டியலின் நடுவே ஓரிடம் விடுபட்டிருந்தது. சில மலர்கள் உதிர்ந்து போயிருந்தன. இத்தனை மலர்கள் கிடைத்தபின் ஒருசில போனால் என்ன என்று அவர் விடவில்லை. தேடினார். தருமபுரம் ஆதீனத்து ஏட்டுச் சுவடிகளுள் அவ்விடம் அவர்க்குக் கிடைத்தது. விடுபட்ட சில பூப்பெயர்களுக்காக ஒருவர் ஊர் ஊராக அலைந்திருக்கிறார். அவர் மீட்டுத் தந்த பட்டியலை ஒப்பித்துவிட்டு, அதில் ஒரு பூவைக் காட்டச் சொன்ன பெண்ணை நான் உட்கார வைத்திருக்கிறேன்.

அன்று மாலை உரையைப் புரட்டினேன். கருவிளை என்பதற்குக் கருங்காக்கணம் என்று பொருள் கண்டேன். காக்கணமும் எனக்குத் தெரியாது. மறுநாள் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடைப் பெரியவரிடம் சென்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காக்கணங்கொடி தெரியாதா அம்மா? சங்குப்பூதான். உங்க காலேஜ் வேலியிலயே படர்ந்து கிடக்குதே!"

ஆம். நீல நிறச் சங்குப்பூ. நாள்தோறும் காலையும் மாலையும் நான் கடந்து சென்ற வேலியில் அது பூத்திருந்தது. அந்த மாணவி அதனைப் பறித்து விளையாடியும் இருப்பாள். 'தெரியாது அம்மா, இருவரும் சேர்ந்து தேடுவோம்' என்று அன்று நான் சொல்லியிருந்தால், விடையை அவளே எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருப்பாள். அவள் இப்போது எங்கிருக்கிறாள் என்று அறியேன். அந்த விடையை அவளிடம் சேர்க்க என்னால் இன்றுவரை இயலவில்லை.

நாளும் செய்யும் சிறு பணி

அதன்பின் ஒரு பழக்கத்தை மேற்கொண்டேன். ஒரு குறிப்பேட்டில், அன்றன்று எனக்குத் தெரியாதென்று கண்டவற்றை எழுதி வைக்கிறேன். விடை கிடைத்த நாளில் அதன் எதிரே விடையையும், சொன்னவர் யார் என்பதையும் எழுதுகிறேன். விடை சொன்னோர் வரிசையில் பேராசிரியர்கள் உண்டு, பூக்காரப் பெண்மணி உண்டு, படகோட்டி உண்டு, என் மாணவியர் மிகப் பலர். கேள்விகள் நிறைய, எதிர்ப்பக்கங்கள் பல இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன. முன்பெல்லாம் அந்த வெறுமை என்னைக் கூசச் செய்திருக்கும். இப்போது அது மறுநாள் பணியை எனக்குச் சொல்கிறது.

தெரியாது என்று சொல்வது தொடக்கம்தான். அதனை நாள்தோறும் ஒரு சிறு பணியாக மாற்றாவிட்டால் வெறும் அடக்கப் பேச்சாக நின்றுவிடும். மீண்டும் ஐயரவர்கள் வாழ்வையே பாருங்கள். நச்சினார்க்கினியர் தம் உரையில் பழைய நூல்களிலிருந்து மேற்கோள்கள் காட்டுவார். எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். அவை எங்கிருந்து வந்தன என்று ஐயர் தேடத் தொடங்கினார். ஒரு காவியத்தின் உரையைத் தெளிவுபடுத்த எழுந்த அத்தேடல் அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1903இல் ஐங்குறுநூறு, 1904இல் பதிற்றுப்பத்து, 1918இல் பரிபாடல், 1937இல் குறுந்தொகை. குறுந்தொகை வெளிவந்தபோது அவருக்கு வயது 82. சிந்தாமணிக்கும் குறுந்தொகைக்கும் இடையே ஐம்பது ஆண்டுகள்!

இவற்றுள் பெரும்பகுதியை அவர் ஆசிரியப் பணிக்கு நடுவிலேதான் செய்தார். கும்பகோணத்தில் 1903 வரையிலும், சென்னை மாநிலக் கல்லூரியில் 1919 வரையிலும் வகுப்பு நடத்தினார். விடுமுறை நாள்களில் ஏடு தேடிப் பயணம், இரவில் ஒப்புநோக்கல், அச்சுப்பிழை திருத்தம், அச்சுச் செலவுக்காக அன்பர்களிடம் முன்கையொப்பம் பெறும் அலைச்சல். நேரமில்லை என்று நாம் சொல்லும்போது இந்த அட்டவணையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

தெரியாது என்பதை அறிந்தவரிடம் இன்னொரு பண்பும் தானே வந்து சேரும். அது நன்றி. எல்லாம் தாமே அறிந்ததாக எண்ணுகிறவர் யாருக்கு நன்றி சொல்வார்? ஐயரவர்கள் தம் பதிப்புகளின் முகவுரையில் ஏடு தந்தவர், பொருள் தந்தவர், ஐயம் தீர்த்தவர் என ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவு கூர்ந்தார். தமக்குக் கல்லூரிப் பணி கிடைக்கக் காரணமாயிருந்த தியாகராச செட்டியார் பெயரையே சென்னையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குச் சூட்டினார். தம் ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டிற்கும் மேலான பின், 1933, 1934ஆம் ஆண்டுகளில் அவர் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். தம் வரலாற்றைச் சொல்ல வந்ததோ அதற்கும் பின்னர், 1940இல். ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் சரித்திரம்' நிறைவு பெறும் முன்பே 1942இல் மறைந்தார்.

கதவைத் திறந்தவர்கள்

இவ்விடத்தில் நீங்கள் என்னை ஒன்று கேட்கலாம். 'பண்பு இருந்தால் போதுமா அம்மா? பண்பிருந்தும் தோற்றவர்கள் இல்லையா?' நேர்மையான கேள்வி. போதாது என்பதே என் விடை. என் பாட்டிக்கு நூற்றுக்கணக்கான விடுகதைகள் தெரியும், மழைக்குறி தெரியும், நெல்வகைகளைத் தொட்டே சொல்வார். கையெழுத்திட மட்டும் தெரியாது. ஊக்கம் அவரிடம் குறைந்ததில்லை. அவர் நின்ற பக்கத்தில் கதவு இல்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எண்ணிப் பாருங்கள். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். அறிவும் உழைப்பும் நிரம்ப இருந்தும், ஆண்களுக்கென இருந்த அவ்வூர்க் கல்லூரியில் சேர மன்னரின் இசைவு வேண்டியிருந்தது. அந்தக் கதவு திறந்தமையால், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று அவர் வெளியே வந்தார். உள்ளே வந்தபின் அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் அமைத்தார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமானார்.

உ.வே.சா. வாழ்விலும் கதவைத் திறந்தவர் ஒருவர் இருந்தார். கேள்வி கேட்டதோடு நில்லாமல், தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்தாரே இராமசுவாமி முதலியார், அவரே அவர். வெறும் கேள்வியோடு அனுப்பியிருந்தால் இளைஞருக்கு மனப்புண் மட்டுமே மிஞ்சியிருக்கும். கேள்வியோடு நூலும் வந்ததால் அது வழியாயிற்று. எனவே, வெற்றி பெற்றவரின் பண்புகளைப் பட்டியலிடும்போது, அவர்க்கு வழிவிட்டவரின் பண்பையும் சேர்த்தே எழுத வேண்டும். நான் அன்று வகுப்பில் தவறவிட்டது அதைத்தான். ஒரு பெண் தானே கதவருகில் வந்து நின்றாள். திறக்க வேண்டிய நான் தாழிட்டேன்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வட்டத்தின் பத்தாண்டுப் பணியை நான் அறிவேன். மாதந்தோறும் கூடுகிறீர்கள், கவிதை வாசிக்கிறீர்கள், கைதட்டுகிறீர்கள். கைதட்டல் வேண்டும். புதிதாக எழுதுகிறவர்க்கு அது மழைத்துளி. எனினும் ஒவ்வொரு கூட்டத்திலும் கால் மணி நேரத்தைக் கைதட்டலுக்கு அப்பாலான ஒன்றுக்கு ஒதுக்குங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். மூத்த கவிஞர் ஒருவர் எழுந்து, 'இம்மாதம் எனக்குத் தெரியாது என்று நான் கண்டது இது' என்று சொல்லட்டும். ஒரு பறவையின் பெயராக இருக்கலாம். ஒரு யாப்பின் நுட்பமாக இருக்கலாம். தறியில் அமர்ந்திருப்பவர் கைக்கருவியின் பெயராக இருக்கலாம். அவையில் அறிந்தவர் சொல்லட்டும். ஒருவரும் அறியாவிட்டால் அடுத்த கூட்டத்திற்குள் தேடி வரட்டும். மூத்தவர் தெரியாதென்று சொல்லும் அவையில்தான், கடைசி வரிசையில் இருக்கும் இளையவர் அச்சமின்றி எழுந்து கேட்பார்.

விருதும் பாராட்டும் வெற்றியின் ஒரு பகுதி. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 82 வயதில் ஒரு பதிப்பை முடித்துவிட்டு, அதன்பின்னும் ஏடுகளோடு அமர்ந்த ஒருவரின் வாழ்வை நினைக்கும்போது, வெற்றி என்பது வேறொன்றாக எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கும் கேட்பதற்கு ஒரு கேள்வி மிச்சமிருப்பதே அது.

எங்கள் கல்லூரி வேலியில் சங்குப்பூ இன்றும் பூக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் குறிஞ்சிப்பாட்டு நடத்தும் நாளில் மாணவியரை அவ்வேலியருகே அழைத்துச் சென்று, "இதுதான் கருவிளை" என்று காட்டுகிறேன். இதனை எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவள் ஒரு மாணவி என்பதையும் சொல்கிறேன். அவள் எங்கிருந்தாலும் நலமாக இருக்கட்டும். இந்த மலரை அவள் கைக்குச் சேர்ப்பார் உங்களில் யாரேனும் இருப்பின், நான் கடன் தீர்ந்தவளாவேன்.